பல மொழி பேசும் ஆலை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்டுக் கிடந்த தயிர் ஆலை ஒன்றை 2005ஆம் ஆண்டு ஹம்தி உலுகாயா வாங்கினார். அவர் துருக்கியில் ஆடு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்யும் குர்தியக் குடும்பத்தில் பிறந்தவர். 2007இல் அவருடைய ‘சோபானி’ தயிர் விற்பனைக்கு வந்தது. மேய்ப்பரைக் குறிக்கும் துருக்கியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

விற்பனை பெருகவே ஆட்கள் போதவில்லை. யூட்டிகா நகரில், போரால் நாடிழந்து வந்த ஏதிலியர் பலர் வேலை தேடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் பலருக்கு ஊர்தியும் இல்லை, ஆங்கிலமும் தெரியாது. தகுதியற்றோர் என ஒதுக்கிவிட இவ்விரு காரணங்களே பல இடங்களில் போதுமானவை. உலுகாயாவோ அவர்களை ஆலைக்கு அழைத்துவரப் பேருந்துகளையும், பணியிடத்தில் மொழிபெயர்ப்பாளர்களையும் ஏற்பாடு செய்தார். சூடான பாலும் இயந்திரங்களும் சூழ்ந்த இடத்தில் பாதுகாப்பு விதியைத் தாய்மொழியில் கேட்டறிவது சலுகையன்று; உயிர்க்காப்பு.

எதிர்ப்பும் எழுந்தது. ஏதிலியருக்கு வேலை தந்தமைக்காக, 2016இல் சோபானியைப் புறக்கணிக்குமாறு பரப்புரை நடந்தது. உலுகாயாவுக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. ஆயினும், அவர்களைப் பணியமர்த்துவது நிற்கவில்லை. அதே ஆண்டில், நிறுவனப் பங்குகளில் 10 விழுக்காடு வரை முழுநேரப் பணியாளர்கள் ஏறத்தாழ 2000 பேருக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்று அவர் அறிவித்தார். அவரவர் பணியாற்றிய காலத்தைக் கொண்டே பங்கின் அளவு கணக்கிடப்பட்டது.