வைர மூக்குத்தி பார்சலில் வந்தால் நாளை எண்ணுங்க



போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் அழாத குறையாகச் சொன்ன விஷயம்தான் இந்த மாதப் பாடம். மகள் கல்யாணத்துக்காகக் குழுவில் கடன் வாங்கி, செல்போனிலேயே ஒரு வைர மூக்குத்தி ஆர்டர் போட்டிருக்கிறார். பார்சல் வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, பிரிக்காமலே பீரோவில் பூட்டிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் கல் ஆடுது. கம்பெனிக்குப் போன் போட்டால், "திருப்பி எடுக்கிற 15 நாள் முடிஞ்சு போச்சும்மா" என்கிறார்கள்.

அந்த 15 நாள் எதுக்கு? நகையைச் சோதித்துப் பார்க்கத்தான். சில கம்பெனியில் 15 நாள், சிலதில் 30 நாள். பார்சல் நம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்களா, அவர்கள் அனுப்பிய நாளிலிருந்தா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்க. பணமே திரும்ப வருமா, வேறு நகைதான் தருவார்களா என்பதையும் கேளுங்க. இரண்டும் ஒன்றல்ல.

பார்சலைப் பிரிக்கும்போது பிள்ளைகளை வீடியோ எடுக்கச் சொல்லுங்க. சீட்டை அறுக்காதீங்க, மூக்கில் போட்டும் பார்க்காதீங்க. நம்ம ஆசாரியிடம் திருகைச் சரிசெய்யக் கொடுத்தாலும், "நீங்கதான் கெடுத்தீங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கே என்பீர்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அது கட்டாயமில்லை. மூக்குத்தி பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கும். அப்படியே முத்திரை இருந்தாலும் அது தங்கத்துக்குத்தான், கல்லுக்கு இல்லை. பேங்கில் நகைக்கடனுக்கு உரசிப் பார்ப்பவரும் தங்கத்தைத்தான் பார்ப்பார், கல் எடையைக் கழித்துவிடுவார். அவரிடம் போய் வைரத்தைக் கேட்டுப் பயனில்லை.

100 சென்ட் சேர்ந்தால் ஒரு காரட், அதாவது 200 மில்லிகிராம். 5 சென்ட் கல் என்றால் வெறும் 10 மில்லிகிராம். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் பில்லிலும் சான்றிதழிலும் ஒரே சென்ட் கணக்கு இருக்கா, இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று எழுதியிருக்கா என்று பாருங்க. பிறகு வைரம் விற்கிற வேறொரு கடையில், கூலி கொடுத்தாவது மெஷினில் வைத்துக் காட்டுங்க. அமெரிக்கன் டைமண்ட் அதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் மாய்சனைட் என்ற கல் சில மெஷினை ஏமாற்றிவிடும். ஆய்வகத்தில் வளர்த்ததும் வைரமே என்பதால், அந்த மெஷின் அதையும் வைரம் என்றுதான் காட்டும். அதைப் பிரித்துச் சொல்ல ரத்தினப் பரிசோதனைக்கூடம் வேண்டும்.

நாள் கடந்துவிட்டால் எல்லாம் போச்சா? இல்லை. மனசுக்குப் பிடிக்கவில்லை என்று திருப்புவதற்குத்தான் கம்பெனி சொல்லும் நாள் கணக்கு. போலியோ, பழுதோ, விளம்பரத்தில் சொன்னது போல இல்லாததோ வந்தால், திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நடந்து 2 வருஷத்துக்குள் நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் கல் வரும்போதே ஆடியது என்று நாம்தான் காட்ட வேண்டும். பீரோவில் இரண்டு மாதம் கிடந்த பிறகு அது லேசில்லை.

அந்த உறுப்பினர் இப்போது பில்லோடு 1915-க்குப் பேசியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு, செல்லில் நகை வாங்கியவர்கள் பில்லை எடுத்து வாருங்கள். எத்தனை நாள் பாக்கி என்று சேர்ந்து எண்ணுவோம்.