ஒரே வேலை, மூன்று லைப்ரரிகள்

பட்டனைக் கிளிக் செய்தால் பக்கத்தில் உள்ள ஒரு பெட்டி மறைய வேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் 2005 வாக்கில் இதை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியவர்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு விதமாகவும் பயர்பாக்ஸுக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டியிருந்தது. இந்தத் தொல்லையைப் போக்க வந்தவைதான் லைப்ரரிகள். சாம் ஸ்டீபன்சன் 2005-ல் புரோட்டோடைப்பை வெளியிட்டார். 2006-ல் ஜான் ரெசிக்கின் ஜேக்வெரியும், வலேரியோ புரோயெட்டியின் மூடூல்ஸும் வந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய ஆர்டர் படிவம் ஒன்றைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. புரோட்டோடைப்பில் எழுதப்பட்ட அந்தப் பக்கத்தில், எனக்குப் பழக்கமான ஜேக்வெரியையும் சேர்த்தேன். உடனே எல்லா பட்டன்களும் செயலிழந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அந்த அரை நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்த ஒப்பீடு.

வேலை 1: ஒரு பெட்டியை மறைத்தல்

பெட்டியின் ஐடி 'பெட்டி' என்று வைத்துக்கொள்வோம். புரோட்டோடைப்பிலும் மூடூல்ஸிலும் $('பெட்டி') என்றால் போதும். ஜேக்வெரியில் $('#பெட்டி') என்று ஹாஷ் குறி சேர்க்க வேண்டும். ஹாஷ் இல்லாவிட்டால் அது 'பெட்டி' என்ற பெயருள்ள டேகைத் தேடும். என் பக்கத்தில் ஜேக்வெரி இரண்டாவதாக ஏறியதால் டாலர் குறி அதன் வசமாகிவிட்டது. பழைய வரிகளுக்குப் பொருளே மாறிவிட்டது!

தீர்வு: ஜேக்வெரியின் 'நோகான்ஃபிளிக்ட்' கட்டளை. இது டாலர் குறியைப் பழைய லைப்ரரிக்கே திருப்பித் தந்துவிடும். அதன்பின் நம் வரிகளில் $ குறிக்குப் பதில் ஜேக்வெரி என்ற முழுப் பெயரை எழுத வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அந்த ஐடி பக்கத்தில் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் 'நல்' தரும். அதை மறைக்க முயன்றால் எர்ரர் வரும். ஜேக்வெரியோ எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். வசதிதான், ஆனால் ஐடியில் எழுத்துப் பிழை இருந்தால் கண்டுபிடிப்பது கடினம்.

வேலை 2: பல வரிகளை ஒன்றாக மாற்றுதல்

பட்டியலில் 'வரி' என்ற கிளாஸ் கொண்ட 40 வரிகள் உள்ளன. ஜேக்வெரியில் $('.வரி') என எடுத்து நேராக மறைக்கலாம். மூடூல்ஸில் $$('.வரி') என இரண்டு டாலர் குறி, பிறகு ஸ்டைலை மாற்றினால் 40 வரிகளுக்கும் பொருந்தும். புரோட்டோடைப்பிலும் இரண்டு டாலர்தான். ஆனால் 'இன்வோக்' மூலம் ஒவ்வொன்றையும் மறைக்கச் சொல்ல வேண்டும்.

புரோட்டோடைப்பும் மூடூல்ஸும் ஜாவாஸ்கிரிப்ட்டின் சொந்த அர்ரேக்குள்ளேயே தங்கள் கட்டளைகளைச் சேர்த்துவிடும். ஜேக்வெரி தன் கட்டளைகளைத் தனி ஆப்ஜெக்டில் வைத்துக்கொள்ளும். இதன் விளைவு 2018-ல் தெரிந்தது. அர்ரேக்கு 'ஃபிளாட்டன்' என்ற புதிய கட்டளையைப் பயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்த்தபோது, பழைய மூடூல்ஸ் வைத்திருந்த தளம் பழுதானது. கடைசியில் அந்தக் கட்டளையின் பெயர் 'ஃபிளாட்' என்று மாற்றப்பட்டது.

வேலை 3: பக்கத்தைப் புதுப்பிக்காமல் தகவல் பெறுதல்

ஜேக்வெரியிலும் மூடூல்ஸிலும் 'லோடு', புரோட்டோடைப்பில் 'அஜாக்ஸ் அப்டேட்டர்'. மூன்றிலும் ஓரிரு வரிகளில் வேலை முடியும்.

இப்போது எது தேவை?

இன்றைய பிரவுசர்களிலேயே இந்த வசதிகள் உள்ளன. எலிமென்ட்டைத் தேட 'குவெரி செலக்டர்', தகவல் பெற 'ஃபெட்ச்'. ஒரு எச்சரிக்கை: கேட்ட பக்கம் இல்லை என்று சர்வர் 404 அனுப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. விடையின் 'ஓகே' மதிப்பை நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

எனவே புதிய சிறு பக்கத்துக்கு லைப்ரரி வேண்டாம். பழைய பக்கத்தைத் திருத்துவதானால், அதில் ஏற்கெனவே எந்த லைப்ரரி உள்ளது என்று முதலில் பாருங்கள், அதிலேயே தொடருங்கள். இரண்டாவதைச் சேர்த்தே ஆக வேண்டுமா? முதலில் டாலர் குறி யார் கையில் என்று முடிவு செய்யுங்கள்.

பயிற்சி: மேலே உள்ள மூன்று வேலைகளையும் லைப்ரரி இல்லாமல் எழுதிப் பாருங்கள். பிறகு ஐடியில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்து, பிரவுசரில் F12 அழுத்தி, கன்சோலில் என்ன செய்தி வருகிறது என்று கவனியுங்கள்.