ஒப்போசம் – கேட்டதும் கண்டதும்

வயிற்றில் பையுள்ள விலங்கு எது என்று வினவினால், 'கங்காரு' என்று நாம் அனைவரும் ஒரே குரலில் விடை கூறுவோம். அதன் தாயகம் ஆஸ்திரேலியா என்பதையும் சேர்த்துச் சொல்வோம். ஆனால் அமெரிக்கக் கண்டங்களிலும் பைப்பாலூட்டிகள் உண்டு. அவற்றுள் மெக்சிகோவுக்கு வடக்கே வாழும் ஒரே இனம் வர்ஜீனியா ஒப்போசம். டைடெல்பிஸ் வர்ஜினியானா என்பது இதன் அறிவியல் பெயர். தெற்கே கோஸ்டாரிகா முதல் வடக்கே கனடாவின் தென்பகுதி வரை இது பரவியுள்ளது.

பூனையளவு உடல், வெளிறிய முகம், மயிரற்ற காதுகள், எலிவால் போன்ற நீண்ட வால், 50 பற்கள் ஆகியன இதன் அடையாளங்கள். இரவில் இரை தேடும். பழம், பூச்சி, முட்டை, எலி, பாம்பு, செத்த பிராணி என எதையும் ஒதுக்காது. பகலில் மரப்பொந்திலோ, பிற விலங்குகள் கைவிட்ட வளையிலோ உறங்கும்.

இதன் குட்டி தாயின் கருப்பையில் வளர்வது ஏறத்தாழ 13 நாட்களே. பிறக்கும்போது அது தேனீயின் அளவே இருக்கும். கண் திறந்திராது; பின்னங்கால்களும் முழுமை பெற்றிரா. எனினும் முன்னங்கால்களால் தாயின் மயிரைப் பற்றி ஊர்ந்து, தானே பையினுள் சேர்ந்துவிடும். பையில் பொதுவாக 13 முலைக்காம்புகளே உள்ளன. ஒரே ஈற்றில் 20 குட்டிகள் பிறப்பதும் உண்டு. காம்பு கிடைக்காத குட்டிகள் இறந்துவிடும். பிழைத்தவை இரண்டு மாதங்களுக்குமேல் பையில் வளர்ந்து, பின்னர் தாயின் முதுகில் ஏறித் திரியும். இவ்வளவு பாடுபட்டுப் பிழைத்தும், காட்டில் இது இரண்டு ஆண்டுகள் வாழ்வதே அரிது.

இவ்விலங்கைப் பற்றிய தவறான கருத்துகள் பல. வாலால் கிளையில் தொங்கியபடி உறங்கும் என்பது ஒன்று. வளர்ந்த ஒப்போசத்தின் எடையை வால் நெடுநேரம் தாங்காது. ஏறும்போது கிளையைப் பற்றவும், கூட்டுக்குச் சருகு சுமக்கவுமே வால் உதவுகிறது.

பகைவரைக் கண்டால் செத்ததுபோல் நடிக்கும் என்பது மற்றொன்று. அது வாய் பிளந்து, எச்சில் ஒழுக, நாற்றம் வீசக் கிடப்பது உண்மையே. ஆனால் அது திட்டமிட்ட நடிப்பு அன்று. பேரச்சத்தில் உடல் தானே செய்யும் எதிர்வினை. 1964இல் வெளியான ஆய்வில் மூளையின் மின்னலைகளை அளந்தபோது, அந்நிலையிலும் மூளை விழித்திருப்பது புலனாயிற்று.

மூன்றாவது, ஒரு பருவத்தில் 5,000 உண்ணிகளை இது தின்றழிக்கும் என்னும் புகழுரை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கூண்டிலிருந்த ஒப்போசங்களின் மேல் உண்ணிகளை விட்டனர். கீழே விழுந்தவற்றை எண்ணி, எஞ்சியவற்றில் பெரும்பாலானவை தின்னப்பட்டன எனக் கணக்கிட்டனர். அதிலிருந்து பிறந்ததே இப்பெரிய எண். 2021இல் வெளியான ஆய்விலோ, 32 ஒப்போசங்களின் இரைப்பைகளைத் திறந்து பார்த்தனர். ஓர் உண்ணிகூட அவற்றில் இல்லை!

ஒப்போசத்தைக் கொல்லாதீர்கள் என்று வேண்டுவோர் பலரும் அந்த எண்ணையே காட்டி வாதிட்டனர். அவர்களது நோக்கம் நல்லதே. ஆனால் நல்ல நோக்கத்திற்காகவும் சோதிக்கப்படாத செய்தியை உண்மையெனக் கூறுதல் அறிவியல் மாணவர்க்கு ஏற்றதன்று. உண்ணியைத் தின்றால்தான் அது உயிர்வாழ உரிமை பெறுமா? 13 காம்புகளில் ஒன்றைத் தேடி ஊர்ந்து சென்று பிழைத்த உயிருக்கு, நம்மிடம் நற்சான்றிதழ் தேவையில்லை நண்பர்களே!