காதொலிக்கருவியின் விலையும் பயனும்

கடன் வாங்கியேனும் விலையுயர்ந்த காதொலிக்கருவியை வாங்கத்தான் வேண்டுமா? ஊர்ப்புற சுகாதார ஊழியரிடமும் ஆசிரியரிடமும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. விலைப்பட்டியலைப் பார்த்து இதற்கு விடை கூற இயலாது.

முதலில் மருத்துவர் காதைச் சோதிக்க வேண்டும். குறும்பி அடைப்பாலோ, சீழ் வடிவதாலோ கேள்வி குறைந்திருப்பின் சிகிச்சையே தேவை, கருவி பின்னரே.

உட்செவிக் குறைபாடு உடையோரிற் பலருக்குத் தாழ்ந்த சுருதி ஒலிகள் ஓரளவு கேட்கும். 'ச', 'ஷ' போன்ற உரசொலிகள் மறையும். "குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று அவர்கள் கூறுவது இதனாலேயே. எந்தச் சுருதியை எத்தனை டெசிபெல் உயர்த்துவது என்பதைச் செவிச் சோதனையின்படி அமைப்பதில்தான் கருவியின் பயன் அடங்கியுள்ளது. சோதனையின்றிச் சந்தையில் விற்கப்படும் பெருக்கிகளிற் பல எல்லா ஒலியையும் ஒருங்கே உயர்த்துவன. தட்டு விழும் ஓசையும் இடியெனக் கேட்கும். அத்தகையவற்றை வாங்குதல் சிக்கனமன்று.

உயர்விலைக் கருவிகளில் திசையறியும் ஒலிவாங்கி, இரைச்சலைத் தணிக்கும் ஏற்பாடு முதலியன கூடுதல் நுட்பத்துடன் அமைந்துள்ளன. அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தார் 25 முதியோரிடம் இவ்விருவகைக் கருவிகளையும் ஒப்பிட்டு 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். முறையாகப் பொருத்தப்பட்டபோது இரண்டும் நற்பயன் தந்தன. பேச்சை விளங்கிக்கொள்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் மிதமான குறைபாடுடைய முதியோர் என்பதை மறத்தலாகாது. மொழி பயிலும் குழந்தைக்கு இம்முடிவை அப்படியே பொருத்தக்கூடாது. கூட்டங்களிடையே பணிபுரிவோர் சில வாரம் அணிந்து பார்த்து, பயன் கண்டால் உயர்விலையும் தகும்.

குழந்தைக்கோ வாங்கிய பிறகே செலவு தொடங்குகிறது. காது வளர வளர, அதன் அளவுக்கு வார்த்த அச்சு தளர்கிறது. இடைவெளி வழியே ஒலி கசிந்து கருவி கீச்சிடுகிறது. வீட்டார் ஒலியைக் குறைக்கின்றனர். நாளடைவில் கருவி பெட்டிக்குள் போய்விடுகிறது. விலை எதுவாயினும் அப்போது பயன் ஒன்றே. துத்தநாகக்காற்று மின்கலத்தின் ஒட்டுத்தாளை உரித்தபின், கருவியை நிறுத்தி வைத்தாலும் அது தேயும். ஒரு கலம் பத்து நாள் உழைப்பதாகக் கொண்டால் இரு காதுகளுக்கும் ஆண்டிற்கு 73 கலங்கள் வேண்டும். புதிய அச்சு, மின்கலம், சோதனை நிலையத்திற்குப் போய்வரும் செலவு ஆகியவற்றுக்கு எதுவும் எஞ்சாதபடி விழுங்கும் கருவி, அக்குடும்பத்திற்கு உகந்ததன்று. மத்திய அரசு 1981 முதல் நடத்திவரும் உதவித் திட்டத்தில் கருவி கிடைக்குமா என்பதையும் முன்னதாகவே விசாரித்தல் நலம்.

கருவி உதவுகிறதா என்பதை ஆசிரியர் நாள்தோறும் ஒரு நிமிடத்தில் அறியலாம். வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் இயல்பான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லி, குழந்தை திருப்பிச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் ஒலி ஆறு டெசிபெல் குறையுமாதலால், ஒரு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் நின்று சோதிப்பது நன்று. நேற்றுவரை கேட்ட ஒலி இன்று கேளாவிடில் மின்கலத்தையும் அச்சையும் பார்த்து, பின்னும் சரியாகாவிடில் கருவியைச் சோதனை நிலையத்திற்கு அனுப்பித் திருத்தி அமைக்கச் சொல்லலாம். புதிய கருவியைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே எழவேண்டும்.