சினைக் குதிரை வாங்குமுன்: அம்பிட்டியப் பக்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

சினைக் குதிரை வாங்குகிறவர் இரண்டு உயிருக்குப் பணம் கொடுக்கிறார். கண்ணால் பார்ப்பது ஒன்றைத்தான். ஆகவே பேச்சை விலையில் தொடங்காதீர்கள், இணைசேர்ந்த திகதியில் தொடங்குங்கள்.

1. எங்கே தேடுவது?
நுவரெலியா பந்தயத் திடலைச் சுற்றி விசாரியுங்கள். நெடுந்தீவுக் குதிரைகளை யாராவது விலை பேசினால் விலகிவிடுங்கள், அவை பாதுகாக்கப்பட்டவை. வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால், முற்பணம் கொடுக்குமுன் பேராதனை கெட்டம்பேயிலுள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

2. திகதியை உறுதிசெய்யுங்கள்
சினைக்காலம் சராசரி 340 நாள். 320 முதல் 365 வரை போவதும் இயல்பே. கடைசியாக இணைசேர்ந்த திகதி, ஆண்குதிரையின் இனம், ஸ்கேன் அறிக்கை மூன்றையும் வாங்குங்கள். இரட்டைச் சினையா என்று பார்க்க இணைசேர்ந்து 14 - 16 நாளில் ஸ்கேன் செய்திருக்க வேண்டும். குதிரையில் இரட்டைச் சினை பெரும்பாலும் கலைந்துபோகும்.

3. உங்கள் வைத்தியரே பார்க்கட்டும்
விற்பவரின் மிருக வைத்தியரை நம்பி வாங்காதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் அருகிலேயே இருக்கிறது. அங்கே ஆலோசனை கேளுங்கள். சினை, பல், குளம்பு, மடி, பிறப்புறுப்பு, இரத்தம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். முன்பு ஈன்ற குட்டிகள் பிழைத்தனவா என்றும் விசாரியுங்கள்.

4. எழுத்தில் வையுங்கள்
சினை கலைந்தாலோ, குட்டி இறந்து பிறந்தாலோ நட்டம் யாருக்கு, எந்த நாளிலிருந்து? இதை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே பணம்.

5. நேரத்தோடு கொண்டுவாருங்கள்
கடைசி மாதத்தில் மலைப்பாதையில் லொறிப் பயணம் வேண்டாம். ஈனுவதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே உங்கள் தொழுவத்துக்கு வந்துவிட வேண்டும். இங்குள்ள கிருமிகளுக்குத் தாயின் உடல் எதிர்ப்புச் சக்தி உண்டாக்கினால்தான் சீம்பால் வழியாக அது குட்டிக்குப் போகும். ஏற்பு ஊசியையும் ஈனுவதற்கு 4 - 6 வாரம் முன்பு போடுங்கள்.

6. மாட்டுத் தீவனம் குதிரைக்கு ஆகாது
நம் பக்கத்தில் மாட்டுக்கு வெட்டும் சீ.ஓ.3 புல்லிலும் கினிப் புல்லிலும் ஒக்சலேட் உண்டு. மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லாததால் கல்சியம் உடலில் சேராது, எலும்பு நலியும். தவிட்டை அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கல்சியத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். கிளிரிசிடியா தழை கிட்டவும் வரக்கூடாது. மழைக்காலத்தில் குளம்பு அழுகாமலிருக்கத் தரை உயரமாக, காய்ந்திருக்க வேண்டும்.

7. ஈனும் இரவு
பனிக்குடம் உடைந்து 30 நிமிடத்தில் குட்டி வெளிவர வேண்டும். வெண்ணிறப் பைக்குப் பதில் சிவந்த பை முதலில் தெரிந்தால் உடனே அதைக் கிழித்துக் குட்டியை வெளியே எடுங்கள். வைத்தியர் வரும்வரை காத்திருந்தால் குட்டி மூச்சுத்திணறிவிடும். பிறந்த குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்கவும், 2 மணி நேரத்தில் பால் குடிக்கவும், தாய்க்கு 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழவும் வேண்டும். எது தவறினாலும் வைத்தியரை அழையுங்கள். எல்லாம் சரியாக நடந்தாலும், சீம்பாலின் பலன் சேர்ந்ததா என்று 24 மணி நேரத்துக்குள் குட்டியின் இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள்.