ஐந்தாவது கியரில் மிதித்துப் பாருங்கள்

பழைய கார் என்றாலே ஓடோமீட்டரைப் பார்ப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். ஸ்விஃப்ட் வாங்குகிறவருக்கு அது போதும். வேகத்துக்கென்றே செய்த காரை வாங்குகிறவருக்குப் போதாது. பழைய ஓனர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்பது இரண்டாம் பட்சம். இன்ஜினின் கம்ப்யூட்டரில் யாரைக் கைவைக்க விட்டார் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2017 மாடல். இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 24.62 லட்சம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வெளியே பார்த்தால் சாதுவான குடும்பக் கார். 590 லிட்டர் டிக்கியில் கல்யாண வீட்டுச் சாமான் அத்தனையும் அடங்கும். 2020இல் வந்த 245 குதிரைத்திறன் மாடலில் இந்தியாவுக்கென்று ஒதுக்கியது 200 கார்கள்தான். விலை 36 லட்சத்தைத் தொட்டது. மாதச் சம்பளக்காரருக்குப் பழையதை விட்டால் வேறு வழி கிடையாது. ‘அந்தக் காசுக்குப் புது கிரெட்டாவே வந்திருக்குமே’ என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வந்திருக்கும். வேண்டாம் என்றுதான் விட்டேன்.

காகித வேலை உங்களுக்கே தெரியும். பெங்களூர் வண்டி என்பதால் அங்கிருந்து என்ஓசி, அதாவது படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால் படிவம் 35இல் பைனான்ஸ்காரர் கையெழுத்து. நம் மாநிலத்தில் வாகன வரி தனியாகக் கட்ட வேண்டும். பேரம் பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இதில் எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை.

சிக்கல் வந்தது மச்சான் வழியாக. பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கிறார், கார் விஷயத்தில் வீட்டில் அவர் சொல்தான் இறுதி. எனக்கு முன்பே போய் வண்டியைப் பார்த்துவிட்டு போன் செய்தார். “மாப்ள, நான் பாத்துட்டேனுங்க. சிங்கிள் ஓனர், எல்லாம் கம்பெனி சர்வீஸ், எக்ஸ்டென்டட் வாரண்டி வேற இருக்குது. ரெண்டு பேர் க்யூல நிக்கறாங்க, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டு விட்டுருங்க.” இன்ஜின் கம்ப்யூட்டரை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். சொன்னதற்கு வாட்ஸ்அப்பே சாட்சி. “அந்த ஓனரு என்ன நினைப்பாரு” என்று பதில் வந்தது. விற்பவரின் மனம் நோகக் கூடாது என்பதில் வாங்குகிறவர் பக்கத்து ஆளுக்கு இருந்த அக்கறை இன்றும் எனக்குப் புரியாதது. டெஸ்ட் டிரைவ் கொடுத்தார்கள், லேஅவுட்டுக்குள். அந்தத் தெருக்களில் வேகத்தடைகளுக்கு நடுவே மூன்றாவது கியருக்கே வேலை இல்லை.

கோவைக்குக் கொண்டுவந்து நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் ஓட்டும்போதுதான் தெரிந்தது. ஐந்தாவது கியரில் லாரியை முந்த மிதித்தேன். டாக்கோமீட்டர் முள் சரேலென்று ஆயிரம் சுற்று ஏறியது. ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை. ஒரு நொடி கழித்து இன்ஜின் சுற்று இறங்கி வண்டி பிடித்துக்கொண்டது. நான்காவதில் அந்தக் கோளாறு இல்லை. மூன்றாவதில் லேசாக இருந்தது.

காரணம் இதுதான். டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5 கியர்களுக்கும் ரிவர்ஸுக்கும். இன்னொன்று 2, 4, 6 கியர்களுக்கு. இந்த ஆறு கியர் டிஎஸ்ஜியில் இரண்டும் எண்ணெயில் மூழ்கி ஓடுபவை. கியர்பாக்ஸுக்குக் கம்பெனி கொடுத்த டார்க் வரம்பு ஒன்று உண்டு. இன்ஜின் தருவது 350 நியூட்டன் மீட்டர்.  ‘ஸ்டேஜ் 1’ என்று லேப்டாப்பைச் செருகி இன்ஜின் மென்பொருளை ரீமேப் செய்தால் டார்க் 400ஐத் தாண்டிவிடும். விவரம் தெரிந்தவர்கள் கியர்பாக்ஸ் மென்பொருளையும் சேர்த்து மாற்றி, கிளட்ச்சை அழுத்தும் எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். என் வண்டியின் பழைய ஓனர் இன்ஜினை மட்டும் ரீமேப் செய்து, அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டார். விற்பதற்கு முன் பழைய மென்பொருளைத் திருப்பி ஏற்றி, சாதுவாக்கிக் கொடுத்துவிட்டார். மென்பொருள் பழையபடி ஆகும். தேய்ந்த கிளட்ச் தகடு வளர்ந்துவிடுமா?

வாரண்டிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் போனேன். வண்டியைக் கம்பெனி சர்வரோடு இணைத்துப் பார்த்த பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்: ‘டிடி1’. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் இன்ஜின் மென்பொருள் மாற்றப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டால் அந்தச் சேசிஸ் எண்ணின் மேல் விழும் முத்திரை அது. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் முத்திரை போகாது. இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ வாரண்டி கேட்டால் கை விரிப்பார்கள். கிளட்ச், எண்ணெய், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றேமுக்கால் லட்சம். வடித்த எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. பழைய ஓனருக்குப் போன் செய்தேன். “வண்டி கொடுக்கும்போது நல்லாத்தானே சார் இருந்தது” என்றார். மச்சான் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. தீபாவளிக்கு வந்தவர் பைபாஸில் ஓட்டிப் பார்க்கச் சாவி மட்டும் கேட்டார்.

ஆகவே அட்வான்ஸுக்கு முன் வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோய், ‘டிடி1 இருக்கிறதா’ என்று அந்த வார்த்தையாலேயே கேளுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டரில் எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்ற எண்ணும் பதிவாகும். ஆனால் கைதேர்ந்த கடைக்காரர்கள் அதைப் பழைய எண்ணுக்கே மாற்றிவிடுவதுண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள். முத்திரை இல்லாவிட்டாலும் ஓட்டிப் பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டி எண்ணெய் சூடேறிய பிறகு, காலியான நெடுஞ்சாலையில் மேனுவல் மோடுக்கு மாற்றி, நான்காவது கியரில் 2,000 சுற்றிலிருந்து மிதியுங்கள். பிறகு ஐந்தாவதில். இரண்டிலும் செய்தால்தான் இரண்டு கிளட்ச்சையும் பார்த்ததாகும். பெடலின் கடைசியில் ‘டக்’கென்று ஒரு தடை தட்டும்; அதைத் தாண்டி மிதிக்கக் கூடாது. தாண்டினால் கியர்பாக்ஸ் தானாகவே கீழ்க் கியருக்கு இறங்கி, சோதனை வீணாகும். வேகம் நூறைத் தொடும் முன்பே விடை கிடைத்துவிடும். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏற வேண்டும், அவ்வளவுதான்.

பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியின் திருகுகளையும் டர்போ குழாய்களின் கிளாம்ப்புகளையும் பாருங்கள். கம்பெனி கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் கடையில் விற்கும் திருகுக் கிளாம்ப் இருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்புப் பூத்திருந்தால் கூலன்ட் கசிகிறது. டிஎஸ்ஜி எண்ணெய் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பில் கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத் தயாரிப்பு. நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால் அந்த ஓனர் மற்ற செலவையும் அப்படித்தான் செய்திருப்பார். டிங்கரிங், பட்டி வேலையெல்லாம் எந்தப் பழைய காருக்கும் உள்ளதுதான், தெரிந்த பெயின்டரைக் கூட்டிப்போனால் விரலால் தட்டியே சொல்லிவிடுவார்.

ரீமேப் செய்தவர்களெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று நோட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் தைரியமாக வாங்கலாம். ஆனால் வண்டியின் தயாரிப்பு விவரங்களை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருவதில்லை. விபத்தில் இன்சூரன்ஸ்காரர் அதைப் பிடித்துக்கொண்டால் அலைவது நீங்கள்தான்.

என் வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. விற்கிற நாள் வந்தால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே டிடி1 என்று போடுவேன், விலை குறைந்தாலும் பரவாயில்லை. நீங்கள் வாங்கப் போகிறவர் என்றால் டோக்கன் அட்வான்ஸுக்கு முன் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரின் வண்டி எவ்வளவு பளபளத்தாலும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள். க்யூவில் நிற்கும் அந்த இரண்டு பேரே வாங்கிக்கொள்ளட்டும்.