அம்மம்மா வீட்டிலேயே பெற்றவா!

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரி தூரம், பிரசவ அறையில் ஏசுவார்கள் என்றும் பயம். அம்மம்மா ஐந்து பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவா. நானும் அப்படிச் செய்தால் என்ன?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அம்மம்மாவிடம் இன்னொன்றும் கேளுங்கள், தங்கச்சி: அந்தக் காலத்தில் பிள்ளைப்பேற்றில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? இன்று இலங்கையில் 100 பிரசவத்தில் 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். பிள்ளை பிறந்த பின் வரும் இரத்தப்பெருக்குத்தான் எமன். அதைத் தடுக்க, பிறந்த கையோடு போடும் ஒக்சிரோசின் ஊசியும், ஏற்ற இரத்தமும் வீட்டில் ஏது?

தூரத்துக்கு வழி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைப்பது. அம்புலன்ஸ் இலவசம். இரவில் யானைக்குப் பயந்து றோட்டில் நிற்காமல், நாள் நெருங்க முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள். முன்கூட்டியே வார்ட்டில் சேரலாமா என்று குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேளுங்கள்.

ஏச்சுப் பயமா? பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் நிற்கலாமா என்று கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் முதலில் கர்ப்பிணிப் பதிவேடு, பிறகுதான் பிள்ளைச் சட்டை.

அம்மம்மாவுக்கும் வேலை உண்டு: நீங்கள் பிள்ளையோடு வரும்போது காயச்சரக்கு அரைத்து வைக்கட்டும். அதில் அவவை வெல்ல எந்த டொக்டராலும் ஏலாது!